இரண்டே கொட்டு

முப்பது வருட வேலையில் முதலுதவிப் பெட்டியை நான் மின்னல் வேகத்தில் திறந்தது ஒரே ஒரு முறைதான். திறந்து, அப்படியே என் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினேன்.

காயம்பட்டவர்கள் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். அது தேயிலை மலைச் சரிவு. துரத்தியது குளவிக் கூட்டம். அதற்கு அரை மணி நேரம் முன்புதான் அதே சரிவின் ஓரத்தில் நின்று, குளவி கிளம்பினால் கையை வீசாதீர்கள், கத்தாதீர்கள், முகத்தை மூடிக்கொண்டு விலகிப் போங்கள், பக்கத்தில் இருப்பவரை விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்று பாடம் நடத்தி முடித்திருந்தேன். இந்த நான்கில் முகத்தை மூடுவதை மட்டும் நான் ஒழுங்காகச் செய்தேன். அதற்குத்தான் பெட்டி.

முதலுதவிக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, தோட்டத்தை நடத்தும் துரை என்னைக் கூப்பிட்டு, “ஐயா, நம்ம புதுப் பிள்ளைங்களுக்கு ஒங்க அனுபவத்த நாலு பக்கம் எழுதிக் குடுங்க” என்றார். பெருமையாகச் சொல்ல ஏதாவது நினைவுக்கு வருகிறதா என்று இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். பெட்டிதான் வந்தது. சரி, அதையே எழுதிவிடுவோம்.

கட்டுப் போடுவது எப்படி, நெஞ்சை அமுக்குவது எப்படி என்பதையெல்லாம் பயிற்சியில் பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நல்ல பொம்மை. அதனிடம் எனக்கு ஒரே ஒரு குறைதான். ‘எனக்கு ஒண்ணுமில்ல, நீ போயி மத்தவங்களப் பாரு’ என்று அது சொல்வதில்லை. மனிதர்கள் சொல்வார்கள்.

நான் இந்தத் தோட்டத்து டிரஸர். உங்களில் சிலருக்கு இந்த வேலையின் பெயரே தெரியாது. டாக்டர் இல்லாத இடத்தில் டாக்டர் மாதிரி நடந்துகொள்வதற்குச் சம்பளம் வாங்குகிறவர்தான் டிரஸர். கிளினிக்கில் நான் ஒருவன், ஒரு கட்டில், ஒரு மருந்து அலமாரி. பெரிய விஷயம் என்றால் தானா ராத்தா ஆஸ்பத்திரி. சாலை காலியாக இருந்தால் நாற்பது நிமிடம். சுற்றுலாக்காரர்கள் ஸ்ட்ராபெரி பறிக்க ஏறி வரும் நாட்களில் எவ்வளவு நேரம் என்று முனியாண்டிக்குத்தான் தெரியும்.

எங்கள் மலையில் குளவி புதிதல்ல. தேயிலைச் செடியின் அடிக்கவட்டில் கூடு கட்டும். வெளியே தெரியாது. கொழுந்து வெட்டும் மிஷின் மேலே உறுமிக்கொண்டு போகும்போதுதான் அதற்குக் கோபம் வரும். நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரே ஒரு கொட்டோடு ஆட்கள் கிளினிக்குக்கு வருவார்கள். முகத்தைப் பார்த்தால் பிரசவ வலி தோற்கும். மனது கேட்காமல் மருத்துவ விடுப்புக்கு எம்.சி. எழுதிக் கொடுப்பேன். மதியம் பார்த்தால் அதே ஆள் ரிங்லெட் டவுனில் மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். நானும் அங்கேதான் சாப்பிடப் போயிருப்பேன்.

இதற்கு ஒரு முடிவு கட்டலாம் என்று ஒரு பலகை வாங்கி, பச்சைப் பெயிண்டில் நானே எழுதி, கிளினிக் வாசலில் ஆணி அடித்து மாட்டினேன்.

‘குளவிக் கொட்டு. ஐந்துக்குக் கீழ்: மருந்து பூசிக்கொண்டு வேலைக்குத் திரும்பவும். ஐந்து முதல் பத்து: அரை நாள் எம்.சி. பத்துக்கு மேல்: தானா ராத்தா.’

எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. நானே யோசித்தது. அப்போதிருந்த துரை பார்த்துவிட்டு முதுகில் தட்டிக் கொடுத்தார். அந்த வருடம் எம்.சி. குறைந்ததும் உண்மைதான். கொஞ்ச நாளில் பலகை சட்டமாகிவிட்டது. மலையில் யாரையாவது கொட்டினால், ‘எங்க கொட்டிச்சி’ என்று யாரும் கேட்பதில்லை. ‘எத்தன’ என்றுதான் கேட்பார்கள். நாலு வாங்கினவர் ஐந்தாவதாக ஒரு கொசுக்கடியைக் கொண்டுவந்து காட்டுவார். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்து, “இது கொசு அண்ணே, குளவிக்குப் பல்லு இப்படி இருக்காது” என்று தள்ளுபடி செய்வேன். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு மேடை கிடைத்த மாதிரி இருக்கும். நாலு பேரைச் சிரிக்க வைப்பேன் என்று எனக்கு அப்போது ஒரு பெயர் இருந்தது. அது நோயாளிகளுக்கும் நல்லது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

பள்ளி விடுமுறைக் காலம். முதல் நாள் பெய்த மழையில் மலை ஊறிக் கிடந்தது. பனி கலையும் நேரம். பாடம் முடிந்து எல்லாரும் சரிவில் ஏறினார்கள். கொழுந்து மிஷினை இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு வரிசைக்கு மேலே நகர்த்துவார்கள். வெட்டிய கொழுந்து பின்னால் தொங்கும் வலைப் பையில் போய் விழும். பையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின்னாலேயே வர வேண்டும். அன்றைக்கு மிஷினின் ஒரு பக்கம் ரஃபிக், பங்களாதேஷ்காரன், கங்காணிக்கு ‘பங்களா’, தோட்டத்துக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பையின் வாலில் பாக்கியம் அக்கா.

பாக்கியம் அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவர். அன்றைக்கே அவரை இருபது வருடமாக எனக்குத் தெரியும். அந்த இருபது வருடத்தில் அவர் யாரையும் திட்டாமல் ஒரு வரிசையை முடித்ததில்லை. ரஃபிக் தமிழ் கற்றதே அவர் திட்டுகளில்தான். ஒரு முறை மரியாதையாக வணக்கம் சொல்வதாக நினைத்து துரையைப் பார்த்து, “கண்ணு பொடதியிலயா இருக்கு, சார்?” என்று கேட்டுவிட்டான். ஆனாலும் இருவரும் ஒரே மிஷினை விட்டுப் பிரியமாட்டார்கள். வேறு யாரும் அக்காவோடு ஒரு நாளுக்கு மேல் தாங்கியதில்லை.

மிஷின் ஐந்தாவது வரிசைக்குப் போனபோது ரஃபிக், “தெபுவான்! தெபுவான்!” என்று கத்தினான். மலாயில் குளவிக்கு அதுதான் பெயர். மீதியை மேலே சொல்லிவிட்டேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தலையில் பெட்டியோடு, எந்த வழியாக இறங்கினேன் என்றே தெரியாமல் கீழே லோரி நின்ற மண் சாலைக்கு முதல் ஆளாக வந்து சேர்ந்தேன். என்மேல் ஒரு கொட்டுக்கூட இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால், அவர்களை வேலை வாங்கும் கங்காணியின் குரல் வந்தது. நல்ல மனிதர். தொண்டை மட்டும் கொஞ்சம் பெரிது.

“டிரஸரே! செத்தேன் லா! பொடதியெல்லாம் நெருப்பா எரியிது! யாராச்சும் சுண்ணாம்பு கொண்டாங்க!”

“சுண்ணாம்ப வெத்தலைக்கு வைங்க, கங்காணி. சட்டையக் கழட்டிட்டு உக்காருங்க, எண்ணிப் பாத்துருவோம்.”

உட்கார்ந்தார். நான் விரலை வைத்து எண்ண ஆரம்பித்தேன். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். சற்று முன் நான் ஓடியதை அவர்கள் எல்லாரும் பார்த்திருந்தார்கள். அதை மறக்கடிக்க வேண்டும் என்ற அவசரம் எனக்கு. வழக்கத்தைவிட அதிகமாகவே பேசினேன்.

“அஞ்சு, ஆறு… காதுல ஒண்ணு. கங்காணி, இந்தக் காதுலதான் பொண்டாட்டி சொல்றது ஏறாதா? குளவி மட்டும் எப்படி ஏறிச்சி?”

“டிரஸரே, பத்து தாண்டுமா?”

“தாண்டும் போலத்தான் இருக்கு. தானா ராத்தாவுக்கு டிக்கெட் போட்டாச்சி.”

சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே பாக்கியம் அக்கா என்னைத் தாண்டிப் போனார்.

“அக்கா, ஒங்களுக்கு எத்தன?”

“ரெண்டு.” இரண்டு விரலைக் காட்டினார். “கழுத்துல ஒண்ணு, கையில ஒண்ணு. நீ அந்தாளப் பாரு. தோட்டமே அலறுது.”

“அஞ்சுக்குக் கீழ! நீங்க பாஸ், அக்கா!”

அவர் காட்டிய விரல்களைப் பார்த்தேன். முகத்தைப் பார்க்கவில்லை.

கங்காணியின் முதுகில் ஒன்பதாவதில் இருந்தபோது ரஃபிக் வந்து என் பக்கத்தில் நின்றான்.

“டிரஸர். அக்கா தாக் மாரா.”

அக்கா கோபப்படவில்லை என்கிறான்.

“நல்லதுதானே லா. இன்னிக்கு ஒனக்கு லீவு. போயி தே தாரேக் ஆத்திக் குடி.”

மறுபடியும் சிரிப்பு. ரஃபிக் சிரிக்கவில்லை. என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான்.

“நான் பேக் விழுந்து. கொழுந்து எல்லாம் தண்ணியில. அக்கா பாக்குது. தாக் மாரா, டிரஸர். தாக் மாரா.”

ஒரு மூட்டைக் கொழுந்தைச் சேற்றில் கொட்டியிருக்கிறான். பாக்கியம் அக்கா அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார். கங்காணியின் முதுகில் என் விரல் அப்படியே நின்றது.

லோரிக்கு அந்தப் பக்கம், டயரைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். கழுத்திலிருந்து தாடை வரை திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தது. உதடு தடித்திருந்தது. உள்ளங்கையை மற்றக் கையால் சொறிந்துகொண்டே இருந்தார்.

“அக்கா, என்ன பண்ணுது?”

“ஒண்ணுமில்ல.” அது அவர் குரலே இல்லை. ஏதோ அடைத்துக்கொண்ட குழாயிலிருந்து வருவது போல வந்தது. “வயித்தக் கலக்குது. அந்தாண்ட போயிட்டு வரேன்.”

எழுந்தார். ஒரு அடி வைத்தார். நான் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். என்னைத் தள்ளிவிடப் பார்த்தார். தள்ளுவதற்குக் கையில் பலமில்லை. தம்பி தங்கைகளே, இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குளவி கொட்டினவருக்குக் குரல் மாறினால், மூச்சு இழுத்தால், உதடோ நாக்கோ வீங்கினால், தலை சுற்றினால், கொட்டு ஒன்றா நூறா என்பது அப்புறம். உடம்பு முழுவதும் அந்த விஷத்தோடு சண்டை போட ஆரம்பித்துவிட்டது. அந்த நேரத்தில் அவரை எழுந்து நடக்க விடாதீர்கள். மானம் கருதி மறைவாகப் போகிறேன் என்றாலும் விடாதீர்கள். போகிறவர்கள் அங்கேயே விழுந்துவிடுவதுண்டு. திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். அது ஏற்கனவே என் காலடியில்தான் கிடந்தது. உள்ளே ஒரே ஒரு பிளாஸ்டர். அதிலும் என் முடி இரண்டு ஒட்டியிருந்தது.

அவருக்கு வேண்டியது அட்ரினலின் ஊசி. ஒரு குப்பியும் ஊசியும் சேர்த்து, உடையாமல் இருக்கப் பஞ்சில் சுற்றி, மஞ்சள் நிற இருமல் மிட்டாய் டின்னுக்குள் வைத்திருந்தேன். அந்த டின் பெட்டிக்குள் இருந்தது. நான் பெட்டியைக் கவிழ்த்த நொடிவரை இருந்தது. இப்போது ஐந்தாவது வரிசைக்கும் இந்தச் சாலைக்கும் நடுவில், குளவிகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் சரிவில், ஏதோ ஒரு செடிக்கு அடியில் கிடக்கிறது. கிளினிக்கில் இன்னொன்று உண்டு. மோட்டார் சைக்கிளில் போய்வர அரை மணி நேரம். அக்காவின் மூச்சுக்கு அவ்வளவு நேரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அப்போது எடுத்த முடிவுகள் இப்போது எழுதும்போது வரிசையாகத் தெரிகின்றன. அப்போது வரிசை ஒன்றும் இல்லை. லோரி டிரைவர் செல்வத்திடம், “கோயில் வளைவுக்கு ஏறிப் போயி லோரியத் திருப்பு. அங்க போன் லைன் கெடைக்கும். ஆம்புலன்சக் கூப்பிடு. ரோட்டு முனைக்கு வரச் சொல்லு, நாம எறங்கி வரோம்னு சொல்லு” என்றேன். அவன் போனான்.

அடுத்து டின். நானே ஓடலாம் என்று எழுந்தேன். அங்கேதான் ஒரு கணம் யோசித்தேன். ஊசி போடத் தெரிந்தவன் நான் ஒருவன். மேலே போய் நான் விழுந்தால் டின் கிடைத்தும் பயனில்லை. அதோடு, நான் இறங்கிய வழி எனக்கே தெரியாது. கண்ணை மூடிக்கொண்டல்லவா ஓடினேன்?

“எனக்குத் தெரியும்,” என்றான் ரஃபிக் மலாயில். “உங்கள் பின்னால்தான் வந்தேன்.”

சாலையோரம் கிடந்த வலைப் பை ஒன்றை எடுத்துத் தலைமேல் போட்டு இடுப்புவரை இழுத்துவிட்டுக்கொண்டான். நான் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஏற ஆரம்பித்துவிட்டான். அதுவரை செத்தேன் செத்தேன் என்று கத்திக்கொண்டிருந்த கங்காணி சட்டையில்லாமல் எழுந்து நின்றார்.

“பங்களா! எடது பக்கம்! துணி தொங்குது பாரு! அந்தத் துணியப் புடிச்சிட்டே போ!”

நிமிர்ந்து பார்த்தேன். பெட்டியிலிருந்து விழுந்த பேண்டேஜ் சுருள் ஒன்று அவிழ்ந்து, செடிக்குச் செடி மாட்டிக்கொண்டு, ஐந்தாவது வரிசையிலிருந்து பாதிச் சரிவுவரை வெள்ளையாகக் கோடு போட்டிருந்தது. ஒரு மனிதன் எந்த வழியாகப் பயந்து ஓடினான் என்பதற்கு அதைவிடத் தெளிவான வரைபடம் இருக்க முடியாது. நான் எந்த இடத்தில் வளைந்தேன், எந்த இடத்தில் குதித்தேன் என்பதுவரை தெரிந்தது. அந்தக் கோட்டின் ஓரமாகத்தான் கத்தரி கிடந்தது, களிம்பு கிடந்தது, டின்னும் எங்கோ கிடந்தது.

அக்காவைக் கொழுந்து மூட்டையில் சாய்த்து, காலை நீட்டி, இன்னொரு மூட்டைமேல் தூக்கி வைத்தேன். முழுக்கப் படுக்க வைத்தால் மூச்சு இன்னும் முட்டியது. மூச்சு உள்ளே போகும்போது சின்னதாக விசில் சத்தம். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“டிரஸரு. நான் போயிருவனா?”

அழுதுகொண்டு கேட்கவில்லை. லோரி எத்தனை மணிக்கு வரும் என்று விசாரிப்பது போலக் கேட்டார். என் வாயில் எப்போதும் ஒரு வேடிக்கைப் பேச்சு தயாராக இருக்கும். அப்போதும் ஒன்று வந்தது. நல்ல வேளையாக விழுங்கிவிட்டேன்.

“தெரியல அக்கா. நான் இங்கதான் இருக்கேன். எங்கயும் போக மாட்டேன்.”

கொஞ்ச நேரம் முன்னால் எல்லாரையும் விட்டுவிட்டு ஓடினவன் சொல்கிற சொல் இது. அவர் நம்பினாரா தெரியாது. கையை விடவில்லை.

“கெடச்சிருச்சி!” கங்காணியின் குரல் மலையை உலுக்கியது. அந்தத் தொண்டையை நான் மனதாரப் புகழ்ந்தது அன்றைக்கு மட்டும்தான். ரஃபிக் சரிந்தும் உருண்டும் வந்தான். வலைக்கு வெளியே இருந்த கைகள் இரண்டும் வீங்கத் தொடங்கியிருந்தன. டின்னை நீட்டினான். பஞ்சுக்குள் குப்பி உடையாமல் இருந்தது. தொடையின் வெளிப்பக்கத்தில், கால்சட்டைக்கு மேலேயே குத்தினேன்.

ஊசி போடுவது உங்கள் வேலையில்லை. அதற்குப் படித்தவர்கள் வருவார்கள். ஆனால் அவர்கள் வருவதற்கு முன்னால் ஒருவர் ‘தாக் மாரா’ என்று சொல்ல வேண்டும். அது உங்கள் வேலை.

ஊசி போட்டபின் காத்திருப்பதைப் பற்றி எந்தப் பயிற்சியிலும் சொல்வதில்லை. கடிகாரத்தைப் பார்ப்பேன், உதட்டைப் பார்ப்பேன், மறுபடியும் கடிகாரம். லோரி பின்னால் திரும்பி வந்து நின்றது. விசில் சத்தம் கொஞ்சம் குறைந்தது. அக்கா கண்ணைத் திறந்து, என்னைப் பார்க்காமல், சேற்றில் கிடந்த கொழுந்தைப் பார்த்தார். பிறகு ரஃபிக்கைப் பார்த்தார்.

“அத… ஒங்கப்பனா வந்து அள்ளுவான்?”

ரஃபிக்குக்கு முகமெல்லாம் பல். “மாரா! டிரஸர், அக்கா மாரா!” என்று வீங்கிய கைகளைத் தட்டிக்கொண்டு குதித்தான். கங்காணி தலையில் கை வைத்துக்கொண்டு ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அதோடு கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். நானும் நினைக்க ஆசைப்பட்டேன். அக்காவே சொன்னார், “எனக்குத் தேவலாம், வீட்ல எறக்கி வுடு.” ஊசியின் வேலை தீர்ந்தால் மூச்சுமுட்டல் திரும்பி வரலாம். அதனால் அவர் திட்டத் திட்ட லோரியில் படுக்க வைத்துக் கிளம்பினோம். கங்காணியும் ரஃபிக்கும் கூட வந்தார்கள். அவர்களும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள்தான். நிறையக் கொட்டினாலும் ஆபத்துதான், அதையும் மறந்துவிட வேண்டாம். பெரிய ரோட்டில் ஏறினால் கண்ணுக்கெட்டியவரை கார்கள். ஒரு காரின் கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு குழந்தை எங்களைப் பார்த்து ஸ்ட்ராபெரித் தொப்பியை ஆட்டியது. செல்வம் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவேயில்லை. அக்காவின் திட்டு மறுபடியும் மெலிந்தது. பிறகு நின்றது. அந்த மௌனம் எனக்கு இப்போது புரிந்தது. எதிரே ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது லோரித் தட்டில் முழங்காலில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். ரோட்டின் நடுவிலேயே அவர்கள் இரண்டாவது ஊசி போட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கு வேலையில் இருந்த டாக்டர் சின்னப் பெண். என் மகள் வயதுகூட இருக்காது. கேள்விமேல் கேள்வி கேட்டார். எப்போது கொட்டியது? குரல் எப்போது மாறியது? வாந்தி உண்டா? இதற்கு முன் இப்படி வந்ததுண்டா? கடைசிவரை அவர் கேட்காத ஒன்று இருந்தது. நானே முந்திக்கொண்டு, “ரெண்டு கொட்டுதான், டாக்டர்” என்றேன். நோயாளி போட்டிருக்கும் சட்டையின் நிறத்தைச் சொன்னவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

மறுநாள் வார்டுக்குப் போனேன். அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரருடைய பேரனை ஏதோ அதட்டிக்கொண்டிருந்தார். மனது நிறைந்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அக்கா, மூச்சு முட்டறப்ப ஏன் என்னக் கூப்புடல? பத்தடியிலதான நின்னேன்?”

“நீதான அஞ்சுக்குக் கீழ வராதன்னு எழுதி வச்சிருக்க?”

கோபமாகச் சொல்லவில்லை. சட்டம் அப்படி, நான் அப்படி நடந்தேன் என்கிற மாதிரிதான் சொன்னார். பொய் சொல்கிறவர்களைப் பிடிப்பதற்காக நான் எழுதிய பலகை அது. அதில் மாட்டியது, தோட்டத்திலேயே ஒரு நாளும் ஒரு கொட்டைக்கூடக் கூட்டிச் சொல்லாத ஆள். ரொட்டி சானாய் சாப்பிடப் போனவர்களுக்கு அந்தப் பலகையால் ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் ஐந்தாவதை எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

திரும்பியதும் பலகையைக் கழற்றப் போனேன். மாட்டும்போது பெருமையில் நீளமான ஆணியாகப் பார்த்து அடித்திருந்தேன். பிடுங்க முக்கால் மணி நேரம் ஆனது. அப்போதிருந்த துரை அந்தப் பக்கம் வந்தவர், “ஏன் ஐயா, நல்லாத்தான இருந்திச்சி?” என்றார்.

“நல்லாத்தான் இருந்திச்சி, துரை. அதான் யாரும் சந்தேகப்படல.”

உங்கள் கையில் இன்றைக்கு வழவழப்பான அட்டை கொடுத்திருக்கிறார்கள். போனிலும் ஏதோ வந்திருக்கிறது என்கிறார்கள். எல்லாம் என் பச்சைப் பெயிண்டைவிட ஆயிரம் மடங்கு மேல், படித்தவர்கள் எழுதியது. வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கூட்டமாகக் காயம்பட்டுக் கிடக்கும்போது, கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது என்பதை அவர் கத்தலே சொல்லிவிடும். கத்தாமல் ஒதுங்கி உட்கார்ந்திருப்பவர் யார் என்று பாருங்கள். தினமும் எப்படி இருப்பார், இன்றைக்கு எப்படி இருக்கிறார் என்று பாருங்கள். அதற்கு அவரை முன்பே தெரிந்திருக்க வேண்டும். எனக்கு இருபது வருடப் பழக்கம் இருந்தும் தெரியவில்லை. ஒரு வருடம்கூட ஆகாத, தமிழில் திட்டு மட்டுமே தெரிந்த ஒருவனுக்குத் தெரிந்தது. அந்த ரஃபிக் இப்போது உங்கள் குழுவில்தான் இருக்கிறான். அவனிடம் தமிழ் கற்றுக்கொள்ளாதீர்கள். மற்றதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

பாக்கியம் அக்கா வேலையை விட்டபின் லெம்பா பெர்த்தாமில் மகள் வீட்டோடு இருக்கிறார். பக்கத்துத் தோட்டத்தில் செவ்வந்திப் பூக்களைக் கட்டுக் கட்டாகக் கட்டும் வேலைக்குப் போகிறார், சும்மா உட்கார முடியாமல். அவர் கதையை அவரைக் கேட்காமல் எழுதக் கூடாது என்று, இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு போன வாரம் போனேன். அவர் பூக்கட்ட, நான் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்தேன். நடுநடுவே எழுதாததையும் சேர்த்துச் சொன்னேன். பெட்டி வந்த இடத்தில் நானே சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்த இடம் வந்தபோது மட்டும் அவர் கை ஒரு கணம் நின்று, பிறகு அடுத்த பூவை எடுத்தது.

படித்து முடித்து, தாள்களை மடித்தேன்.

“எல்லாம் சரியா இருக்கா அக்கா? புதுப் பிள்ளைங்களுக்கு நீங்க ஏதாச்சும் சொல்லணும்னா சொல்லுங்க, கடைசில சேத்துட்றேன்.”

அவர் பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வாய மூடிட்டு ஆளப் பாக்கச் சொல்லு.”